செடி வளர்க்கும் மீன் தொட்டியில் பாசி: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கீழே வரும் அளவுகள் எல்லாம் கடைகளில் அதிகம் விற்கும் இரண்டடித் தொட்டிக்கு: 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கணக்குப்படி அது 56 லிட்டர். மண், கல், மேலே விடும் இடைவெளி போக உண்மையில் நிற்கும் தண்ணீர் சுமார் 45 லிட்டர்தான். உரத்தையோ மருந்தையோ 56 லிட்டருக்குக் கணக்குப் போட்டு ஊற்றினால் கால்பங்கு கூடிவிடும். உங்கள் தொட்டி வேறு அளவென்றால் நிற்கும் தண்ணீரை அளந்துவிட்டு அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பாசியின் பெயர் தெரிய வேண்டியதில்லை. எங்கே ஒட்டியிருக்கிறது, என்ன நிறம், விரலால் தேய்த்தால் வருகிறதா, நாற்றம் உண்டா என்ற நான்கைப் பார்த்தால் போதும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு வாரம் விடுங்கள். விளக்கைக் குறைத்து, உரத்தை நிறுத்தி, பாட்டில் மருந்தையும் ஊற்றினால் பாசி போகலாம். ஆனால் எதனால் போனது என்று தெரியாது.

## எந்தப் பாசியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

டைமர். விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 7 மணி நேரம் போதும். 10, 12 மணி நேரம் எரியும் தொட்டியில் மற்ற எதைத் தேடுவதும் வீண். முதலில் அதைக் குறையுங்கள். முள் சுற்றும் மெக்கானிக்கல் டைமரில் இன்னொரு சிக்கல் உண்டு. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். வாரத்தில் நாலு மணி நேரம் கரண்ட் போனால் உங்கள் விளக்கும் நாலு மணி நேரம் தள்ளி எரியும். செடிக்கு விடும் கார்பன் டை ஆக்சைடு கேஸுக்குத் தனி டைமர் இருந்து அது இன்வெர்ட்டரில் ஓடினால், விளக்குக்கும் கேஸுக்கும் நேரம் பொருந்தாமல் போகும். டைமரில் காட்டும் நேரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கிவிடுங்கள்.

வெயில். ஜன்னல் வெயில் தொட்டியில் அரை மணி நேரம் விழுந்தாலும் கணக்கில் சேரும். காலை 7 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நின்று பாருங்கள். பின்பக்கக் கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது மலிவான தீர்வு.

ஃபில்டர் ஓட்டம். வெளியே வரும் குழாயடியில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடியுங்கள். 9 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 400 லிட்டர். இந்தத் தொட்டிக்கு அது சரி. 15 விநாடிக்கு மேல் ஆனால் பஞ்சு அடைத்திருக்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை அலசுங்கள். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் அலசினால் பஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியா செத்து, அம்மோனியா ஏறி, அடுத்த பாசிக்கு வழி விட்டுவிடும்.

வீட்டுத் தண்ணீர். தொட்டித் தண்ணீரைச் சோதிப்பவர்கள் குழாய்த் தண்ணீரைச் சோதிப்பதில்லை. போர் தண்ணீரிலோ லாரித் தண்ணீரிலோ நைட்ரேட் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், வாரா வாரம் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டைக் குறைக்கப் பார்ப்பது நடக்காத காரியம். கடை கிட் நம்பும்படி இல்லையென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

வெப்பம். கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் பல செடிகள் சோர்ந்துவிடும்; பாசி சோராது. நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஒரு சிறிய 12 வோல்ட் ஃபேன் வைத்தால் 2 டிகிரி வரை இறங்கும். ஆவியாகும் தண்ணீருக்கு ஆர்ஓ தண்ணீர் விடுங்கள். போர் தண்ணீரையே விட்டுக்கொண்டிருந்தால் உப்பு மட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும்.

## அறிகுறி: எல்லாவற்றின் மேலும் பழுப்புத் தூள்

விரல் பட்டாலே கலைந்து போகும் காபி நிறப் படிவு. புதுத் தொட்டியின் முதல் ஒன்றரை மாதத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும்.

தொட்டி புதிது என்றால் எதுவும் வாங்க வேண்டாம். பழைய டூத்பிரஷ்ஷால் துடைத்து, சைஃபன் போட்டு எடுத்து, வாரம் இரண்டு முறை 40 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். தானாக நின்றுவிடும்.

தொட்டி பழையது, ஆனாலும் வருகிறது என்றால் சமீபத்தில் மாறியது என்ன என்று பாருங்கள். ஃபில்டர் பஞ்சு முழுவதையும் ஒரே நாளில் மாற்றியது, மீனைக் கூட்டியது, மண்ணைக் கிளறி நட்டது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். அம்மோனியா சோதியுங்கள். 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) காட்டினாலும் அதுதான் விஷயம்.

## அறிகுறி: கண்ணாடியில் பச்சை

### விரலால் தேய்த்தால் போகிறது, மூன்றே நாளில் திரும்ப வருகிறது

மெல்லிய பச்சைத் தூள். தினம் துடைப்பவர்களுக்குத்தான் இது நிற்காமல் வரும். துடைக்கும்போது கலையும் தூள் தண்ணீரில் மிதந்து, திரும்பக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. விளக்கை 6 மணி நேரமாக்கிவிட்டு, மூன்று நாலு வாரம் கண்ணாடியைத் தொடாதீர்கள். பார்க்கச் சகிக்காது; வரவேற்பறைத் தொட்டி என்றால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள். படலம் தடித்து, தானாகவே உரிய ஆரம்பித்ததும் தண்ணீரைப் பாதிக்கு இறக்கி, கண்ணாடியை வழித்து, கலங்கிய நீரை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள்.

### தேய்த்தாலும் போகாத கெட்டிப் புள்ளிகள்

பிளேடு போட்டால்தான் வரும். அனுபியாஸ் போல மெதுவாக வளரும் இலைகளிலும் இதே புள்ளிகள் இருக்கும்.

முதலில் விளக்கு நேரம். அடுத்து, அனுபியாஸ் நேரடியாக விளக்குக்குக் கீழே இருந்தால் ஓரத்துக்கு மாற்றுங்கள், அல்லது மேலே சால்வினியா மிதக்க விடுங்கள். இரண்டும் சரி என்றால் பாஸ்பேட்டைச் சோதியுங்கள். 0.5 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பாஸ்பேட் என்றாலே பாசி என்று பயந்து உறிஞ்சும் பொடியை ஃபில்டரில் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புள்ளிதான் பரிசு. அந்தப் பொடியை எடுத்து எறியுங்கள்.

ஏற்றும் வழி: உரக்கடையில் 0-52-34 என்று விற்கும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 3.2 கிராமை 500 மில்லி ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள். அதில் 5 மில்லி விட்டால் 45 லிட்டரில் 0.5 பிபிஎம் ஏறும். வாரம் மூன்று முறை விட்டு, 1 முதல் 2 பிபிஎம்முக்குள் நிறுத்துங்கள். இருக்கும் புள்ளிகள் கரையாது. புதியவை வருவதுதான் நிற்கும். பழைய இலைகளை அடியோடு வெட்டிவிடுங்கள்.

பிளேடு போடும்போது மூலைகளில் சிலிக்கானிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளியே நிறுத்துங்கள். அக்ரிலிக் தொட்டியில் பிளேடே கூடாது. பழைய ஏடிஎம் கார்டு போதும். காந்த கிளீனரில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கண்ணாடியில் நிரந்தரக் கீறல்.

## அறிகுறி: தண்ணீரே நிறம் மாறியிருக்கிறது

வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தண்ணீரை எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

### கோப்பையில் பால் போல வெள்ளை

பாசி இல்லை, பாக்டீரியா. மீனுக்குத் தீனியைப் பாதியாக்கி, ஏர் ஸ்டோன் போட்டு, சில நாள் காத்திருங்கள்.

### தேநீர் நிறம்

மரக்கட்டையிலிருந்து இறங்கும் சாறு. தீங்கில்லை. தண்ணீர் மாற்ற மாற்றக் குறையும்.

### பச்சை

தண்ணீர் மாற்றுவதால் மட்டும் இது போகாது. பாதியை வெளியேற்றினால் மீதிப் பாதி இரண்டே நாளில் பெருகி அதே நிறத்துக்கு வந்துவிடும். காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்.

வெயில் விழுகிறதா? பதுங்குமிடத்தில் மீன் செத்துக் கிடக்கிறதா? அம்மோனியா 0.25 பிபிஎம்முக்கு மேலா? வேரோடு செடியைப் பிடுங்கி அக்வாசாயிலை (சத்து ஏற்றிய தொட்டி மண்ணை) கிளறினீர்களா? கடைசியாக உரம். உரக்கடையில் 19-19-19 வாங்கித் தொட்டியில் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதிலிருக்கும் தழைச்சத்தில் யூரியாவும் அம்மோனியமும் சேர்ந்தே வரும். வயலுக்கு நல்லது; தொட்டிக்குப் பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும். நைட்ரேட் வேண்டுமானால் 13-0-45 என்ற பொட்டாசியம் நைட்ரேட் வாங்குங்கள்.

காரணத்தை நீக்கிய பிறகு, செலவில்லாத வழி மூன்று நாள் இருட்டு:

1. 50 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். இறந்த இலை, மிச்சத் தீனி எல்லாவற்றையும் உறிஞ்சி எடுங்கள்.
2. விளக்கையும் கேஸையும் நிறுத்துங்கள். ஏர் பம்பை 24 மணி நேரமும் ஓட விடுங்கள். சாகும் பாசி ஆக்சிஜனைத் தின்னும். ஏர் பம்ப் இல்லாமல் இதைச் செய்தால் மூன்றாம் நாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.
3. நான்கு பக்கமும் மேலேயும் தடித்த கறுப்புத் துணியால் மூடுங்கள். செய்தித்தாளைவிடப் பழைய போர்வை மேல். காற்று போக ஒரு மூலையில் சிறிய இடைவெளி விடலாம்.
4. 72 மணி நேரம் திறக்காதீர்கள். தீனி வேண்டாம். நலமாக உள்ள மீன்கள் மூன்று நாள் பட்டினியைத் தாங்கும்.
5. திறந்ததும் 50 சதவீதம் தண்ணீர் மாற்றி, பஞ்சை அலசி, முதல் வாரம் விளக்கை 5 மணி நேரம் மட்டும் எரிய விடுங்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் 9 வாட் யுவி விளக்கு. 24 மணி நேரமும் ஓட விட்டால் சில நாளில் தெளிந்துவிடும். தண்ணீரில் மிதக்கும் பாசியை மட்டுமே அது கொல்லும். கல்லிலும் இலையிலும் ஒட்டியிருப்பதற்காக யுவி வாங்குவது காசுக்குக் கேடு.

## அறிகுறி: நூல் நூலாகப் பச்சை

### மென்மையாக, வழுக்கலாக, இழுத்தால் அறுகிறது

முதலில் டூத்பிரஷ்ஷை நுழைத்து முறுக்கி முடிந்தவரை எடுத்துவிடுங்கள். கையால் எடுக்காமல் இதை எந்த மருந்தாலும் தீர்க்க முடியாது.

பிறகு செடிகளைப் பாருங்கள். மண்ணில் பாதிக்கு மேல் காலியாகத் தெரிந்தால் அதுதான் காரணம். வெளிச்சம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தச் செடி இல்லை. வாட்டர் விஸ்டீரியா, லிம்னோஃபிலா, ஹார்ன்வோர்ட் என்று வேகமாக வளரும் தண்டுச் செடிகளை இரண்டு மூன்று கட்டு வாங்கி நெருக்கமாக நடுங்கள். அழகு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செடி நிறைய இருந்தும் வந்தால் வெளிச்சம் அதிகம், அல்லது உரம் குறைவு. விளக்கின் லூமென் எண்ணை, அதாவது வெளிச்ச அளவை, தண்ணீர் லிட்டரால் வகுங்கள். கேஸ் இல்லாத தொட்டியில் லிட்டருக்கு 20 லூமென் அளவே நல்லது. 40-ஐத் தாண்டினால் கேஸ் கட்டாயம். டிம்மர் இல்லாத விளக்கென்றால் ஸ்டாண்டைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்துங்கள்.

பாசி வந்ததும் உரத்தை நிறுத்துவது பரவலான பழக்கம். செடிதான் முதலில் பட்டினி கிடக்கும். பாசிக்கு மிகச் சொற்பம் போதும். நைட்ரேட் 10 முதல் 20 பிபிஎம் இருக்கட்டும். 13-0-45 உரம் 37 கிராமை 500 மில்லியில் கரைத்து, 5 மில்லி விட்டால் 45 லிட்டரில் 5 பிபிஎம் ஏறும்.

### முரட்டுத்தனமாக, கிளை விட்டு, அறுக்க வராமல்

கசக்கினால் ஒருவித வாடை வரும். பெரும்பாலும் புதிதாக வாங்கிய மாஸ் என்ற நீர்ப்பாசிச் செடியோடுதான் வந்து சேரும். விளக்கைக் குறைப்பது, தண்ணீர் மாற்றுவது எதற்கும் அசையாது, இறாலும் தொடாது. இடுக்கியால் ஒவ்வொரு இழையாக எடுத்து, மிச்சத்தில் கீழே சொல்லும் பெராக்சைடைப் பாய்ச்சுங்கள். பாசியோடு பின்னிப்போன மாஸைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஒரு கட்டு மாஸ் போனால் போகட்டும்.

## அறிகுறி: இலை விளிம்பில் கறுப்புத் தாடி, அல்லது சாம்பல் நிறக் கொம்பு

கறுப்புக் குஞ்சங்களாக இலை விளிம்பு, மரக்கட்டை, ஃபில்டர் குழாய் வாய் என்று ஒட்டும். இழுத்தால் இலை கிழியுமே தவிர பாசி வராது. கொம்பு வகை மான்கொம்பு போலத் தனித்தனி இழையாகக் கிளைக்கும். இரண்டும் சிவப்புப் பாசி இனம். சந்தேகமிருந்தால் ஒரு துண்டை ஸ்பிரிட்டில் போடுங்கள், சிவப்பாக மாறும். பச்சைப் பாசி அப்படி மாறாது.

### கேஸ் போடாத தொட்டி

அழுக்குதான் முதல் சந்தேகம். ஃபில்டரைத் திறந்து பாருங்கள், மண்மேல் படிந்த கசடை உறிஞ்சுங்கள், அழுகும் இலைகளை வெட்டுங்கள். தீனியை ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குக் குறைத்து, வாரம் ஒரு நாள் பட்டினி போடுங்கள். கொம்பு வகைக்குப் பல சமயம் இதுவே போதும்.

கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். கரண்ட் மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் போனால் மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, உள்ளே இருப்பது அழுக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அந்த நீர் நேரே தொட்டிக்குள் பாயும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு டப்பாவைத் திறந்து, நீரைக் கொட்டி, தொட்டி நீரில் ஒரு முறை அலசிவிட்டு ஓட விடுங்கள்.

### கேஸ் போடும் தொட்டி

இங்கே காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கார்பன் டை ஆக்சைடு ஒரு நாள் அதிகமாகவும் மறுநாள் குறைவாகவும் இருப்பது. குறைவாக, ஆனால் நிலையாக இருக்கும் தொட்டியில் தாடி வருவது அபூர்வம்.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டில் என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். முதல் வாரம் பொங்கும், மூன்றாம் வாரம் தூங்கும். சிட்ரிக் ஆசிட், சமையல் சோடா கிட் கொஞ்சம் மேல். ஊசி வால்வு இருப்பதால் கட்டுப்படுத்தலாம். ஆனாலும் இரவில் ஓடிக்கொண்டே இருக்கும்.

சிலிண்டர் என்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

*நேரம்.* விளக்குக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பே கேஸ் தொடங்க வேண்டும்; விளக்கு அணைய ஒரு மணி நேரம் முன்பு நிற்கலாம். விளக்கும் கேஸும் ஒன்றாகத் தொடங்கினால் முதல் இரண்டு மணி நேரம் பாசிக்குத்தான் லாபம்.

*டிராப் செக்கருக்குள் என்ன இருக்கிறது?* தண்ணீரில் உள்ள கேஸின் அளவை நிறத்தால் காட்டும் சிறு குப்பி இது. அதற்குள் 4 டிகேஎச் கரைசல்தான் ஊற்ற வேண்டும் (கேஎச் என்பது தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை). தொட்டித் தண்ணீரையே ஊற்றுகிறவர்கள் உண்டு. கேஎச் 12 உள்ள போர் தண்ணீரை ஊற்றினால், பச்சை காட்டும்போது தண்ணீரில் 90 பிபிஎம் இருக்கும். அதற்குள் மீன் மேலே வந்து தத்தளிக்கும். சரியான கரைசலில் நீலம் குறைவு, பச்சை சரி, மஞ்சள் அதிகம். நிறம் இரண்டு மணி நேரம் பின்தங்கியே மாறும் என்பதால் காலையில் பார்த்து வால்வைத் திருகாதீர்கள்.

*பிஎச் அளந்து சரிபார்ப்பது.* ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை எடுத்து 24 மணி நேரம் திறந்து வைத்து பிஎச் பாருங்கள். விளக்கு எரிந்து மூன்று மணி நேரம் ஆனபின் தொட்டியின் பிஎச் பாருங்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 1 குறைந்திருந்தால் 30 பிபிஎம் அளவில் இருக்கிறீர்கள். எங்கோ படித்த 6.6 என்ற எண்ணைத் துரத்த வேண்டாம். கேஎச் 12 உள்ள தண்ணீரில் பிஎச் 7.1-க்கு வந்தாலே 28 பிபிஎம் ஆகிவிடும்.

*ஓட்டம் எட்டாத மூலை.* எல்லா இலையும் லேசாக ஆட வேண்டும். தாடி ஒரே மூலையில் மட்டும் வந்தால் கேஸ் அங்கே போய்ச் சேரவில்லை; குழாய் வாயைத் திருப்பிவிடுங்கள்.

*சிலிண்டர்.* நம் ஊர் அறை வெப்பத்தில் உயர் அழுத்தக் கேஜ் 60 முதல் 70 பார் காட்டும். உள்ளே திரவம் இருக்கும்வரை முள் அசையாது. 50-க்குக் கீழே இறங்குகிறதென்றால் திரவம் தீர்ந்தது. சில மலிவு ரெகுலேட்டர்கள் அந்தக் கட்டத்தில் மிச்சக் கேஸை ஒரேயடியாகத் திறந்துவிடும். முள் இறங்கத் தொடங்கியதுமே மூடி நிரப்பக் கொடுத்துவிடுங்கள்.

### இருக்கும் தாடியை எடுப்பது

காரணத்தைச் சரிசெய்தாலும் பழைய தாடி தானாக உதிராது. மோசமான இலைகளை வெட்டுங்கள். வெட்ட முடியாத கல், கட்டை, அனுபியாஸுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு.

மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 20 வால்யூம், அதாவது 6 சதவீதம். லேபிளைப் படித்துவிட்டு, 6 என்றால் சம அளவு ஆர்ஓ தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்குங்கள். ஒரு நாளைக்கு 10 லிட்டருக்கு 3 மில்லிக்கு மேல் வேண்டாம். 45 லிட்டருக்கு 13 மில்லி.

ஃபில்டரை நிறுத்துங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, பாசியை ஒட்டி மெதுவாகப் பாய்ச்சுங்கள். குமிழ்கள் கிளம்பும். பத்து நிமிடம் கழித்து ஃபில்டரை ஓட விடுங்கள். அடுத்தடுத்த நாளில் வேறு வேறு இடமாக மூன்று நாள் செய்யலாம். மூன்று நாலு நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாக மாறினால் செத்துவிட்டது. அப்போது இறால்கள் தின்னும். நிறம் மாறாவிட்டால் பெராக்சைடு பழசாகி வீரியம் போயிருக்கும், புதுப் பாட்டில் வாங்குங்கள். மாஸ், ரிக்கியா, வாலிஸ்னேரியா பக்கம் பாய்ச்ச வேண்டாம், கருகும்.

லிக்விட் கார்பன் என்று விற்பது குளூட்டரால்டிஹைடு. லேபிள் அளவைத் தாண்டாமல் போட்டால் தாடிக்கு வேலை செய்யும். வாலிஸ்னேரியாவும் மாஸும் இதற்கும் கரையும். பெராக்சைடு போட்ட நாளில் இதைப் போடாதீர்கள். ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சுத்தம் செய்யும் கேனை மலிவு என்று வாங்கி ஊற்றும் வழக்கமும் இருக்கிறது. அதன் செறிவு வேறு, கூடவே ஆக்டிவேட்டர் பொடியும் வரும், ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும். மிச்சமாகும் காசுக்கு அது வேண்டாத வேலை.

## அறிகுறி: நீலப்பச்சைப் போர்வை, சேற்று நாற்றம்

மண்மேலும் செடிமேலும் வழவழப்பான தகடாகப் படரும். தொட்டால் ஏடு ஏடாக உரிந்து வரும். நாற்றம்தான் உறுதியான அடையாளம். இது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. சில வகைகள் நச்சுள்ளவை என்பதால் வாயால் உறிஞ்சி சைஃபன் தொடங்காதீர்கள்; வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முன்கண்ணாடியில் மண்ணுக்குள் மட்டும் தெரிகிறது: ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் மண்ணில் விழுகிறது. மண் உயரத்துக்கு ஒரு கறுப்பு டேப் ஒட்டுங்கள், முடிந்தது.

ஒரு மூலையில் மட்டும்: ஓட்டம் இல்லை, கசடு சேர்கிறது. உறிஞ்சி எடுத்துவிட்டு, குழாயைத் திருப்புங்கள்.

தொட்டி முழுக்க: நைட்ரேட் சோதியுங்கள். செடி நிறைந்த, மீன் குறைந்த தொட்டியில் பூஜ்யம் காட்டும். நைட்ரேட் இல்லாத தண்ணீரில் செடி நின்றுபோகும், இது நிற்காது. போர்வையை முடிந்தவரை உறிஞ்சி எடுத்து, மேலே சொன்ன மூன்று நாள் இருட்டு வைத்து, திறந்ததும் தண்ணீர் மாற்றி, மேலே சொன்ன நைட்ரேட் கரைசலில் 10 மில்லி விட்டு 10 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள். ஏற்றாமல் இருட்டு மட்டும் வைத்தால் மாதத்துக்குள் திரும்பும்.

எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். பாக்டீரியா என்பதால் கேட்கத்தான் செய்யும். ஆனால் அது டாக்டர் சீட்டுக்கு விற்க வேண்டிய மருந்து. ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் தொடலாம். கடைசியில் சாக்கடைக்குத்தான் போகிறது. இருட்டையும் நைட்ரேட்டையும் இரண்டு சுற்று ஒழுங்காகச் செய்த தொட்டியில் அதற்கு அவசியம் வருவதில்லை.

## பாசி போலத் தெரிவது

புது மரக்கட்டையில் வெள்ளைக் கொழகொழப்பு வந்தால் பயப்பட வேண்டாம். சில வாரத்தில் போகும், நத்தைகள் தின்னும். நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் என்றால் குழாய் வாயை உயர்த்திப் பரப்பை அசைய விடுங்கள். கண்ணாடியிலும் கட்டையிலும் எள்ளளவு வெள்ளைப் புள்ளிகள் நெரைட் நத்தையின் முட்டை. நல்ல தண்ணீரில் பொரித்துப் பெருகாது, ஆனால் சுரண்டத்தான் வேண்டும்.

## பாசி தின்னும் உயிர்கள் வாங்கும்போது

சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையானாலும் வேறு கடையானாலும் "டேங்க் கிளீனர்" என்று கேட்டால் கையில் வருவது சக்கர் மீன். இரண்டு அங்குலத்தில் வாங்குவது ஓரடிக்கு மேல் வளரும், செடியைப் பிடுங்கும், தின்பதைவிட அதிகம் கழிக்கும். மேலே சொன்ன எந்தப் பாசிக்கும் அது தீர்வில்லை. வளர்ந்துவிட்டதென்று ஏரியில் விடவே விடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்ட அந்நிய இனம் அது. கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

நூல் பாசிக்கு அமானோ இறால், 45 லிட்டருக்கு ஆறு முதல் எட்டு. கண்ணாடிக்கு நெரைட் நத்தை இரண்டு. பழுப்புத் தூளுக்கு ஓட்டோசிங்க்ளஸ். ஆனால் புதுத் தொட்டியில் அது பிழைக்காது, மூன்று மாதமாவது ஆகட்டும். சயாமீஸ் ஆல்கே ஈட்டர் தாடியைத் தின்னும், ஆனால் இரண்டடித் தொட்டிக்குப் பெரிய மீன். வாங்குவதானால் உடலிலுள்ள கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை ஓடுகிறதா என்று பாருங்கள். உறிஞ்சும் வாயோடு கண்ணாடியில் ஒட்டுவது சைனீஸ் ஆல்கே ஈட்டர். வளர்ந்தால் மற்ற மீன்களைத் துரத்தித் தொந்தரவு செய்யும்.

இறாலோ நத்தையோ இருக்கும் தொட்டியில் பாட்டில் பாசிக்கொல்லி வாங்குமுன் லேபிளில் காப்பர் இருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால் முதலில் சாவது அவைதான்.

## நீங்களே கை வைக்கக்கூடாத இடங்கள்

சிலிண்டர் வால்விலோ ரெகுலேட்டரிலோ கசிவு சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. குமிழ் வந்தால் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, சிலிண்டரைக் கேஸ் நிரப்பும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். தீயணைப்புச் சிலிண்டர் நிரப்புபவர்கள் இதையும் செய்வார்கள்; அழுத்தச் சோதனைத் தேதி தாண்டியிருந்தால் நிரப்பும் முன் சோதிக்கச் சொல்லுங்கள். படுத்த நிலையில் வைத்து ஒருபோதும் திறக்காதீர்கள், திரவம் ரெகுலேட்டருக்குள் பாயும்.

பிளேடு சிலிக்கானில் பட்டு மூலையில் ஈரம் கசிந்தால் மேலே பூசி ஒட்டப் பார்க்காமல், தண்ணீரை இறக்கித் தொட்டி செய்பவரை அழையுங்கள்.

விளக்கு நேரம், ஓட்டம், கேஸ், நைட்ரேட், பாஸ்பேட் ஐந்தையும் சரிசெய்து ஆறு வாரம் ஆகியும் அதே பாசி அதே வேகத்தில் வந்தால், தொட்டி அமைத்துத் தரும் அனுபவசாலி ஒருவரை நேரில் வந்து பார்க்கச் சொல்லலாம். பழைய அக்வாசாயில் கசடாகிவிட்டதா, அடித்தளத்தையே மாற்ற வேண்டுமா என்பதைப் படத்தில் பார்த்துச் சொல்ல முடியாது.

தண்ணீரில் கை வைத்ததும் சுருக்கென்றால் பாசியை மறந்துவிட்டு மெயினை அணையுங்கள். ஹீட்டரோ பம்ப்போ உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் சோதித்து, அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். அப்படியே எல்லா வயரும் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கும்படி கட்டட்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் சாக்கெட்டுக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.